மேஸ்திரிக்கு ஆறின வாடை பழக்கியது

கங்கையாவுக்கு நாய் பிடிக்காது. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கும். அவருடைய விரல்கள் அதன் காதுக்குப் பின்னால் உண்ணி தேடிக்கொண்டிருக்கும். அவர் பார்ப்பது காவல் வேலை. ஆந்திர எல்லையில், பிச்சாட்டூர் அணைக்குப் பக்கத்தில் செங்கல்வராயன் என்பவரின் மாந்தோப்புக்கு இரவுக் காவல் அவர்தான். ஆனால் படுத்தால் மோட்டார் கொட்டகையே இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஒல்லி, நல்ல நடைக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் முன்னால் நடக்கும்.

பக்கத்தில் படுத்திருக்கும் அந்த நாயின் பெயர் மேஸ்திரி. குட்டியாக இருந்தபோது மற்ற நாய்கள் ஓடியாட, இது மட்டும் மண்மேட்டில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்ததால் செங்கல்வராயன் வைத்த பெயர். வளர்ந்ததும் பெயரைப் பொய்யாக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. இடுப்பு உயரம், ஒட்டிய வயிறு, நீண்ட முகம். பாதி சிப்பிப்பாறை என்று விற்றவர் சொன்னார். மீதிப் பாதி எந்த ஊர் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இந்த இனம் கண்ணால் வேட்டையாடும். தூரத்தில் ஒரு முயல் காதை அசைத்தால் போதும், அம்பு மாதிரி போகும். மூக்கு என்பது முகம் நீளமாகத் தெரிவதற்காக வைத்தது என்பது போலத்தான் மேஸ்திரியும் பல வருடம் நடந்துகொண்டது.

பிறகு இரண்டு காரியம் நடந்தது. முயலைப் பிடிப்பது குற்றம் என்று ஃபாரஸ்ட்காரர் ஒருவர் தோப்புக்கே வந்து, மோர் குடித்து, மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். செங்கல்வராயன் அன்றோடு வேட்டையை விட்டார். மேஸ்திரியின் கண்ணிலும் பால் படர ஆரம்பித்தது. ஒருநாள் காற்றில் உருண்டுபோன பிளாஸ்டிக் கவர் ஒன்றை ரோடு வரைக்கும் துரத்திப் பிடித்து, வாயில் கவ்வி, எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து வைத்தது. ரோஷமுள்ள நாய். அதற்கப்புறம் எதையும் துரத்தவில்லை.

திருச்சானூரில் லாட்ஜ் நடத்தும் ஒருவர் செங்கல்வராயனுக்குப் பழக்கம். வாசலில் கட்டிவைக்க உயரமாக ஒரு நாய் வேண்டும் என்றார். ஓட வேண்டாம், கடிக்க வேண்டாம், நின்றால் போதும். செங்கல்வராயனுக்கு இது நல்ல ஏற்பாடாகப் பட்டது. கங்கையாவுக்குப் படவில்லை. மேஸ்திரி பிறந்ததிலிருந்து கழுத்தில் சங்கிலி ஏறியதில்லை. சோறும் கங்கையாவின் தட்டில்தான். பாதி அவருக்கு, பாதி அதற்கு, எந்தப் பாதி பெரிது என்பதில் தினமும் சின்னத் தகராறு.

அந்த நேரத்தில்தான் தோப்பில் போர் மோட்டாரின் கேபிள் திருடு போனது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு இரவும் காவல்காரரும் நாயும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்கத்தான் செங்கல்வராயன் கங்கையாவை வீட்டுக்குக் கூப்பிட்டார். போனவர் திருட்டைப் பற்றிப் பேசாமல் நாயைப் பற்றிப் பேசினார்.

“மொதலாளி, மேஸ்திரிய லாட்ஜுக்கு அனுப்பாதீங்கோ. அது திருடனப் புடிக்கும்.”

“கண்ணே தெரியாத நாய் எப்பிட்றா திருடனப் புடிக்கும்?”

“மூக்கு கீதில்ல?”

“அவன் ராத்திரி வந்துட்டுப் போயிட்றான். மறுநாள் கரெண்ட் வந்து சுவிட்ச் போட்டாத்தான் ஒயர் இல்லன்னே நமக்குத் தெரியுது. நேத்து வந்தவன் வாட இன்னிக்கி எங்க இருக்கும்? உன் தலமாட்லயா?”

“பழக்கினா புடிக்கும் மொதலாளி. நான் பழக்குறேன்.”

செங்கல்வராயன் சிரித்துவிட்டார். சிரித்தவர் மறுக்க முடியாது. “யுகாதிக்கு முந்தின ஞாயித்துக்கெழம லாட்ஜ்காரர் வர்றாரு. அன்னிக்கி என் கண்ணு முன்னால ஒரு நேத்தியத் தடத்த அது புடிச்சிக் காட்டட்டும், இங்கியே இருக்கட்டும். இல்லன்னா அவரு கூட வண்டி ஏறும்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும், மனைவி பாப்பாத்தி ஒரே கேள்வி கேட்டாள். “உனுக்கு நாய் பழக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப சரி,” என்றாள். அவளுக்கு அவரைத் தெரியும்.

மகள் கல்பனா ஃபோன் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஹாஸ்டலில் இருந்து ஞாயிறுதோறும் வருவாள். அவள்தான் யூடியூபில் தேடி ஒரு வெள்ளைக்காரரையும் அவருடைய தொங்குகாது நாயையும் கண்டுபிடித்தாள். அவர் புல்வெளியில் நின்று நிறையப் பேசினார்.

“நைனா, இதுக்கு கோல்ட் சென்ட்டுன்னு பேராம்.”

“கோல்டுன்னா?”

“சில்லுனு.”

இந்த இடத்தில் ஃபோனில் சார்ஜ் தீர்ந்தது. கல்பனாவும் பஸ்ஸுக்கு ஓடினாள். அரைகுறை அறிவு மனிதனை நிறுத்தாது, வேகப்படுத்தும். மறுநாள் காலை பாப்பாத்தி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது இட்லி மாவுப் பாத்திரத்தின்மேல் ஒரு பனியன் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“யோவ், இன்னாய்யா இது?”

“வாட. சில்லுனு ஆவட்டும், தொடாத.”

“உன் பனியன் வாடைக்கு மாவே பொங்கிக் கீழ ஊத்தியிருக்குது. எடுய்யா வெளிய!”

குளிர்ந்த பனியனை மோந்த மேஸ்திரி ஒரு தும்மல் போட்டுவிட்டு வெயிலில் போய்ப் படுத்தது. ஒரு வாரம் இப்படிப் போனது. அடுத்த ஞாயிறு கல்பனா வந்து, கோல்டு என்றால் இங்கே குளிர்ச்சி இல்லை, ஆள் போய் ரொம்ப நேரமான தடம் என்று அர்த்தம் என்று விளக்கினாள்.

“பழசுன்னா பழசுன்னு சொல்றதுக்கு அந்த வெள்ளக்காரனுக்கு இன்னா நோவுது?” என்றார் கங்கையா. ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது. போனவன் வாடை போனவனோடு போய்விடாதா?

பாப்பாத்தி அப்போது பழையது பிழிந்துகொண்டிருந்தாள். “ராத்திரி வடிக்கும்போது சோத்துக்கு ஒரு வாசன. தண்ணி ஊத்தி வெச்சா காலைல வேற வாசன. அதே சோறுதான, ஊர உட்டா ஓடிப்போச்சி? கண்ண மூடிக்கினு குடுத்தாலும் இது ராத்திரி வடிச்சதுன்னு நீ சொல்ல மாட்ட? அதுவும் சொல்லும். ருசி பழகணும், அவ்ளோதான்.”

வெள்ளைக்காரர் ஒரு மணி நேரம் பேசியதை அவள் ஒரு பிடி சோற்றில் முடித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு ‘ஆறின வாட’ என்று பெயர்.

பழக்கியது இப்படித்தான். முதலில் சூடாக. கங்கையா கொஞ்ச தூரம் காலைத் தேய்த்து நடந்து, தடத்தின் முடிவில் ஒரு களி உருண்டை வைப்பார். தன் துண்டை மேஸ்திரிக்கு மோக்கக் கொடுத்து விடுவார். தடத்தின் முடிவை அடைந்தால் அது அங்கேயே படுக்க வேண்டும், படுத்தால் களி. இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. படுப்பது இருவருக்குமே இயல்பாக வரும். பிறகு ஒரு பீடி எரியும் நேரம் ஆறவிட்டு. பிறகு சோறு வேகும் நேரம். பிறகு காலையில் நடந்ததை மத்தியானம். இங்கேதான் சிக்கல். மத்தியான வெயில் செம்மண்ணில் இருந்த வாடையை வறுத்துவிட்டது. மேஸ்திரி நடுவழியில் நின்று யோசித்தது. சாயங்காலம் நடந்ததை மறுநாள் விடியலில் கொடுத்தால், இரவுப் பனி குடித்த புல் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. நேரம் கூடினாலும் அது சுலபமாக இருந்தது. பழசானது புதியதைவிடத் தெளிவாக இருப்பதும் உண்டு என்பதை இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டார்கள்.

கிழட்டு வேட்டைநாய்க்குக் கற்றுக்கொடுப்பதில் பெரிய தொல்லை, அதற்கு ஏற்கனவே தெரிந்தது. பத்தடி மோந்ததும் மேஸ்திரி தலையைத் தூக்கி, பால் படர்ந்த கண்ணால் தூரத்தில் முயல் தேடும். இல்லாத முயலை நோக்கி நாலு பாய்ச்சல் பாய்ந்து, தடத்தைத் தாண்டிப்போய், பிறகு எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வரும். அதனால் கிணற்றுக் கயிற்றை நீளமாகக் கட்டினார். வேட்டைக்கூட்டத்தில் தெலுங்கு கேட்டு வளர்ந்த நாய் என்பதால் அதனிடம் தெலுங்கில்தான் பேசினார். ‘வெதுகு’ என்றால் தேடு, ‘ஆகு’ என்றால் நில். மனைவியிடம் தமிழ், நாயிடம் தெலுங்கு. அதிகாரம் செல்லுபடியாகும் இடத்தில் அதிகாரத்தின் மொழி.

இன்னொரு தொல்லை கங்கையாவே. நடந்தவர் அவர்தான், ஆகவே தடம் எங்கே திரும்புகிறது என்று அவருக்குத் தெரியும். திருப்பம் வந்ததும் அவர் கை தானாகக் கயிற்றைச் சுண்டும். இதைக் கண்டுபிடித்தவர் தோப்பில் டிராக்டர் ஓட்டும் ரமணா.

“அண்ணா, நாய் வாடையப் புடிச்சிக்கினு போவுல. உன் கையப் புடிச்சிக்கினு போவுது.”

“நான் சும்மாதாண்டா புடிச்சிக்கினு இருக்கேன்.”

“அப்ப கைய கட்டிக்கினு நட, பாக்கலாம்.”

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்து நடந்தார். இப்போது பார்ப்பதற்கு அவர்தான் மேஸ்திரி மாதிரி இருந்தார். முதல் நாள் நாய் குழம்பியது, நின்றது, திரும்பி அவரைப் பார்த்தது. உதவி வரவில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு மூக்கைத் தரையில் வைத்தது. அன்றுதான் அது உண்மையில் வேலையை ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். கை கட்டிக்கொண்டு நாய் போகும் வழியே போவது என்ற ஒரு விதியைக் கங்கையா அன்று எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் தானாக எடுத்துக்கொண்ட ஒரே விதி அதுதான். மற்றவற்றை எடுத்துக்கொடுத்தது பாப்பாத்தி.

அவற்றில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கல்பனாவுக்கு வேலை கிடைத்தால் ஒரு வருடம் கவிச்சி தொடுவதில்லை என்று திருச்சானூர் அம்மவாருக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. வேண்டிக்கொண்டது பாப்பாத்தி. தொடாமல் இருக்க வேண்டியது கங்கையா. இந்தப் பங்கீடு பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்த அன்று லட்டோடு சேர்த்துச் செய்தியாகக் கொடுத்தார்கள். கங்கையா பக்தியுள்ளவர். முழுசாக நான்கு மாதம் கறி, கோழி, முட்டை எதையும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் அணைக்கரை வழியாக நடந்தார். அங்கே கன்னிகா கடை போட்டிருக்கிறாள். அணையில் பிடித்த மீனை மசாலா தடவி, கண் முன்னால் வறுத்துக் கொடுப்பாள். பிச்சாட்டூர் அணையில் அதிகம் கிடைப்பது ஜிலேபி மீன்.

கடையின் பின்பக்கம் புங்கமரத்தடியில் ஒரு கல். அதில் உட்கார்ந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, முள்ளைக் கல்லுக்கு அடியில் புதைத்து, கையை மாவிலையில் தேய்த்துத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பாப்பாத்தி ஒருநாள் விரலில் எண்ணெய் மினுக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னா துன்ன?”

“ஜிலேபி.”

கங்கையா பொய் சொல்லாதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“சக்கர இருக்கற ஒடம்பு, ஜிலேபி துன்னுக்கினு இருக்க. ஒண்ணா ரெண்டா?”

“ரெண்டு.”

“சொல்றது கேக்காத ஜென்மம்,” என்று சொல்லிவிட்டு, அன்றிரவு அவருக்குச் சோற்றைக் குறைத்தாள். இந்த ஏற்பாடு யாரையும் புண்படுத்தாமல் வாரம் ஒருமுறை நடந்துவந்தது. கன்னிகாவிடம் மட்டும் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார்: செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது.

யுகாதிக்கு முந்தின ஞாயிறு நெருங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ரமணா தடம் போட வேண்டும் என்று ஏற்பாடு. மோட்டார் கொட்டகையில் ஆரம்பித்து, எங்கேயாவது போய், ஒரு துண்டு கேபிளை ஒளித்து வைத்துவிட்டு வர வேண்டும். எங்கே என்று கங்கையாவுக்குச் சொல்லக் கூடாது. எல்லாம் சரி, ஆனால் இந்த ஏற்பாட்டில் கங்கையாவுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் வேலை இல்லாமல் போனது. மறுநாள் மேஸ்திரி தோற்றால் லாட்ஜ் வாசலில் சங்கிலி. இதை நினைத்ததும் அவருக்குப் பசித்தது. பசிக்கும்போது அவர் கால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டகை முன்னால் கூட்டம். செங்கல்வராயன் வந்தார். திருச்சானூர் லாட்ஜ்காரர் காரில் வந்தார், கையில் புத்தம்புதிய சங்கிலி, விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. கல்பனா, பாப்பாத்தி, வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஊரில் பாதி.

மோக்கக் கொடுக்க ரமணாவின் துண்டு வேண்டும். இங்கே ஒரு சின்ன விஷயம். செங்கல்வராயன் தன் மகள் ஷோபாவின் கல்யாணத்துக்குத் தோப்பு ஆட்கள் எல்லோருக்கும் பச்சைக்கரை போட்ட ஒரே மாதிரித் துண்டு எடுத்துக் கொடுத்திருந்தார். கொட்டகைச் சுவரில் ஆணிக்கு ஆணி அதே துண்டுதான் தொங்கும். செங்கல்வராயன் தானே போய் ஒன்றை எடுத்தார்.

“ரமணா, உன்னுதுதான?”

ரமணா வாயில் வேப்பங்குச்சியோடு, பார்க்காமலேயே தலையாட்டினார்.

மேஸ்திரி துண்டை மோந்தது. நன்றாக மோந்தது. பிறகு திரும்பி வந்து கங்கையாவின் முழங்காலில் மூக்கை வைத்து அழுத்தியது. கூட்டம் சிரித்தது. களி கேட்கிறது என்று நினைத்த கங்கையாவுக்கு அவமானமாக இருந்தது. “வெதுகு!” என்று அதட்டினார். நாய் அவரை ஒரு பார்வை பார்த்தது. ஆள் இங்கேயே நிற்கும்போது எதைத் தேடச் சொல்கிறார் இவர் என்று நினைத்திருக்கலாம். ஆனால் வேலைக்காரன் முதலாளியிடம் அதையெல்லாம் கேட்பதில்லை. மூக்கைத் தரையில் வைத்துப் புறப்பட்டது.

அழகான நடை. தலை ஒருமுறைகூட உயரவில்லை. பனி நனைத்த புல்லில் ஒரே சீராக, கயிறு தளராமல், இறுகாமல். கங்கையா கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு போனார். பின்னால் ஊர்.

கொஞ்ச தூரத்தில் ரமணா அவர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். “அண்ணா, நான் போனது கெங்கம்மா கோயிலுக்கு. இது அணைப்பக்கம் போய்க்கினு கீது.”

“நீ சொல்லக் கூடாதுறா.”

“நாயைத் திருப்பு அண்ணா!”

“நானும் இழுக்கக் கூடாதுறா.”

கால்வாய் மதகில் மேஸ்திரி நின்றது. அங்கேயே ஒரு வட்டம் அடித்து, மதகுச் சுவரின் மூலையை நெடுநேரம் மோந்தது. கங்கையா பார்த்தார். மூலையில் அணைந்த ஒரு பீடித்துண்டு. நேற்று சாயங்காலம் அவர் அங்கே நின்று, வேண்டாம், திரும்பிவிடலாம் என்று ஒரு பீடி நேரம் யோசித்த இடம். மெதுவாகத் திரும்பி, நாய்க்கு மோக்கக் கொடுத்துவிட்டுச் செங்கல்வராயன் தோளில் போட்டுக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார். பச்சைக்கரைக்குப் பக்கத்தில் பீடி சுட்ட ஒரு ஓட்டை.

இனி எங்கே போகும் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் நாலு காலில் இருந்தார்.

கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் போதும். நாய் திரும்பிவிடும், கோயில் பக்கம் தன் விருப்பத்துக்கு அலையும், தோற்கும், கார் ஏறும். வேண்டுதல் முறிந்தது யாருக்கும் தெரியாது. கங்கையாவின் கைகள் முன்னால் வந்தன. கயிற்றைத் தொட்டன. பிறகு, ஏதோ தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டதுபோல, மறுபடி முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

கன்னிகா அப்போதுதான் முதல் ஈடு வறுக்கப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குச் சீக்கிரமே அடுப்பு மூட்டிவிடுவாள். ஒரு ஊரே தன் கடையை நோக்கி வருவதைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது. முன்னால் வருபவரைக் கண்டதும் வாடியது.

லாட்ஜ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க நாய் நாஸ்டாவுக்கு வந்திருக்குது சார்!”

செங்கல்வராயனுக்கும் சிரிப்பு. “போதும் கங்கையா. மீன் வாசனைக்கு எந்த நாயும் வரும். என் வேலிக்கு வெளிய திரியற சொறிநாய்கூட வரும்.”

ஆனால் மேஸ்திரி சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துபோன கன்னிகா எறிந்த மீன் தலை அதன் முன்னாலேயே விழுந்தது. அதைத் தாண்டிப் போனது. கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் புங்கமரத்தடிக்குப் போய், கல்லை மோந்து, பக்கத்தில் படுத்து, கல்மேல் தாடையை வைத்துக்கொண்டது. வேலை முடிந்தது, களி எங்கே என்பதுபோல் கங்கையாவைப் பார்த்தது.

“ரமணா, நீ இங்க வந்தியா?” என்றார் செங்கல்வராயன்.

“இல்ல மொதலாளி. நான் கெங்கம்மா கோயிலுக்குதான் போனேன்.”

“அப்ப தப்புதான்.” லாட்ஜ்காரர் சங்கிலியைப் பிரிக்க ஆரம்பித்தார்.

கங்கையா பாப்பாத்தியைப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பார்த்தார்.

“தப்பு இல்ல மொதலாளி. அது ரமணா துண்டு இல்ல, என் துண்டு. பீடி ஓட்ட கீது பாருங்கோ. நேத்து சாயங்காலம் இங்க வந்தது நான்தான்.”

பாப்பாத்தியின் குரல் பின்னாலிருந்து மெதுவாக வந்தது. “கல்பனா நைனா, மீன் கடைல உனுக்கு இன்னா வேல?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கன்னிகா முந்திக்கொண்டாள். “அண்ணா இங்க வந்ததே இல்லக்கா! சத்தியமா சொல்றேன், இந்தப் பக்கம் தல வெச்சிப் படுத்தது இல்ல!”

செங்கல்வராயன் கங்கையாவின் தோளைத் தட்டினார். “நாயக் காப்பாத்த உன்மேலயே பழி போட்டுக்குற. நல்ல மனசுதான், ஆனா பொய்யி பொய்யிதான்.”

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கங்கையா தன் குற்றத்தை நிரூபிக்கப் போராட வேண்டியதாயிற்று. “கன்னிகாம்மா, சொல்லும்மா. நேத்து நான் இன்னா துன்னேன்? இந்தக் கல்லுமேலதான உக்காந்தேன்?”

“நீங்க யாருன்னே எனுக்குத் தெரியாது அண்ணா.”

“யாருன்னே தெரியாதவரத்தான் வாய்க்கு வாய் அண்ணான்னு கூப்புட்றியா?” என்றாள் பாப்பாத்தி.

கன்னிகா சத்தியம் தவறாதவள். மசாலாவைக் கிளறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். கங்கையா குனிந்து, மேஸ்திரியின் தாடையை மெல்ல விலக்கி, கல்லைப் புரட்டினார். ஈர மண்ணில் முள். மேலே வெள்ளையாகப் புதுசு; கையால் கிளறினால் அடியில் பழுப்பாகப் பழசு; அதற்கும் அடியில் எறும்பு அரித்தது.

“இது நேத்தியது,” என்றார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. “இது போன வாரம். இதெல்லாம் அதுக்கும் முன்னால.”

ஊர் குனிந்து பார்த்தது. பாப்பாத்தியும் குனிந்தாள். ஒரு முள்ளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது இன்னா மீனு?”

எதற்கும் வாய் திறக்காத கன்னிகாவுக்குத் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி என்றதும் நிற்கவில்லை. “ஜிலேபிக்கா. அணை ஜிலேபி.”

பாப்பாத்தி முள்ளைக் கையில் பிடித்தபடியே கங்கையா பக்கம் திரும்பினாள்.

“ஜிலேபி,” என்றாள் பாப்பாத்தி.

“நான் பொய் சொல்லல மே. கேக்கும்போதெல்லாம் ஜிலேபின்னுதான சொன்னேன்.”

“நான் சக்கரன்னு சோத்தக் கொறச்சேனே, பாவி! அய்யோ பாவம், பசியோட படுக்குறானேன்னு எத்தினி நாள் எனுக்கே தூக்கம் வரல!”

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைக்கத் தோளிலிருந்த துண்டை எடுத்து, அது யாருடையது என்று ஞாபகம் வந்து மறுபடி சிரித்தார். கடைசியில் லாட்ஜ்காரரிடம் திரும்பி, “சங்கிலிய எடுத்து வையுங்க சார். தன் எஜமானனையே புடிச்சிக் குடுக்கற நாய வெளிய அனுப்ப முடியாது,” என்றார். லாட்ஜ்காரருக்கும் வருத்தம் இல்லை. அப்படிப்பட்ட நாய் லாட்ஜ் வாசலுக்கு அவ்வளவு பொருத்தமில்லை என்பதை அவர் அதற்குள் யோசித்துவிட்டிருந்தார்.

களி உருண்டை மேஸ்திரிக்குக் கிடைத்தது. கங்கையாவுக்குக் கிடைத்தது வேறு. வீடு வரைக்கும் பாப்பாத்தி அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்; வாசலில் நின்று கேட்டாள். “பொண்ணு வேலைக்கி எதனா ஆச்சின்னா?”

“எம்மா, ஒண்ணும் ஆவாது,” என்றாள் கல்பனா. “வேண்டிக்கினது நீ. அம்மவாரு வந்து கேட்டா, எங்க நைனா கையெழுத்தே போடலன்னு சொல்லிடு.”

அம்மவாரிடம் அப்படியெல்லாம் பேச முடியாது. மறுநாளே மூவரும் திருச்சானூர் போனார்கள். பாப்பாத்தி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கங்கையாவிடம் சொன்னாள்: வருடம் இன்றிலிருந்து திரும்ப ஆரம்பம். முன்பு மாதிரி இல்லை, இந்தத் தடவை மீன் என்று தனியாகப் பெயர் சொல்லியே வேண்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாப் பெயரும்.

கேபிள் திருடர்கள் அதற்கப்புறம் அந்தத் தோப்புப் பக்கம் வரவில்லை. நேற்று தின்ற முள்ளைக்கூட இன்று தோண்டி எடுக்கும் நாய் என்று பிச்சாட்டூரிலிருந்து புத்தூர் வரைக்கும் பேச்சு பரவிவிட்டது. ஆகவே மேஸ்திரி இதுவரை ஒரு திருடனையும் பிடித்ததில்லை; பிடித்தது ஒரே ஒரு ஆளை. ஆனால் அதற்கு வேலை இல்லாமல் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், கங்கையா தோப்பிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வரும்போது, பாப்பாத்தி கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே வருவாள். அவர் தோளிலிருந்து துண்டை உருவி நாய்க்குக் காட்டுவாள். “வெதுகு,” என்பாள். அவளுக்கு அந்த ஒரு தெலுங்குச் சொல் போதுமாக இருக்கிறது. கை கட்டிக்கொண்டு, நாய் போகும் வழியே போய், எதுவும் கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பி வருகிறாள்.

கங்கையாவும் சும்மா இல்லை. சாயங்காலம் கொட்டகை முன்னால் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரிக்குப் புதிதாக ஒரு சொல் பழக்குகிறார். “மர்ச்சிப்போ,” என்கிறார். தெலுங்கில் மறந்துவிடு என்று அர்த்தம். மேஸ்திரி களியை வாங்கித் தின்கிறது, அவர் விரல்களை நிதானமாக மோந்து பார்க்கிறது, தாடையை அவர் கால்மேல் வைத்துப் படுத்துக்கொள்கிறது. வயதான நாய், புதிதாக எதுவும் ஏறாது என்று ரமணா சொல்கிறார்.